காத்துக்குக் கீழே

கேமரா ஏழு வந்திருக்கு,
எங்கெங்க கட்டணும்னு கேக்குறீங்க, மேடம்.
சாப்டூர்க் காட்டுல
வயசான கிடா மிளா எங்க நிக்கும்னு
பதினாலு வருசம் காசுக்குச் சொன்ன சங்கதி.
இப்ப தினக்கூலிக்குச் சொல்றேன்.

மொதல்ல, கிடாவைத் தேடாதீங்க.
கார்த்திகை கடேசியில கிடாவைத் தேடிப் போறவன்
நேத்துத்தான் துப்பாக்கி புடிச்சவன்.
பொட்டைக எங்க மேயுதுன்னு பாருங்க.
நெல்லிக்கா உதுர்ற சரிவு ஒண்ணு இருக்கு,
விடியக்கருக்கல்ல நாலஞ்சு நிக்கும், குட்டிகளோட.
அங்கயும் கட்டாதீங்க.
எளவட்டக் கொம்பனுகதான் அங்க வந்து
ஒண்ணை ஒண்ணு மொறச்சுக்கிட்டு நிக்கும்.
பெருசு கூட்டத்துக்குள்ள வராது.
வாடை அடிக்குதுல்ல, வடக்கேருந்து?
சரிவுக்குத் தெக்கே எறநூறு அடி தள்ளி
ஈச்சம்பொதர் ஓரமா நடக்கும்.
பொட்டைக வாசம் பூராவையும்
காத்தே கொண்டாந்து குடுத்துரும்.
கண்ணால பாக்கவே வேணாம்.
எது எணங்கும், எதுக்கு இன்னும் நாளிருக்குன்னு
மூக்கே கணக்குப் பாத்துரும்.

காத்துக்குக் கீழே.
அம்புட்டுத்தான் வித்தை.

மத்தியானம்னா, ரெண்டு முகட்டுக்கு நடுவுல
குதிரை முதுகு மாதிரி தணிஞ்சு கெடக்கே, அந்தக் கணவாய்.
ஒரு மந்தையை விட்டு இன்னொரு மந்தைக்குப் போக
அதைத்தான் தாண்டும்,
மனுசன் சோறு திங்கிற நேரமாப் பாத்து.
நாங்க திங்க மாட்டோம்.
சேத்துக்குழி மூணு இருக்கு.
தன் மூத்திரத்துலயே பெரண்டு எந்திருச்சுப் போயிருக்கும்,
கிட்டப் போனா உங்களுக்கே நெடி ஏறும்.
உசில மரத்துல
நெஞ்சு ஒசரத்துக்குப் பட்டை உரிஞ்சிருந்தா கட்டுங்க.
முட்டி ஒசரம்னா விடுங்க, சின்னப்பய.

ஒருக்கா பரண்ல இருந்தேன்.
கழுத்துல காசு அகலம் புண்ணு, நீர் வடியுது,
விலா எண்ணலாம், ஒரு காது கிழிஞ்சு தொங்குது,
அப்படி ஒண்ணு வந்துச்சு.
அன்னைக்குப் பாத்துக் காத்து திரும்பிருச்சு.
என் பீடி நாத்தம் அது மூஞ்சிக்கு நேராப் போகுது.
நின்னுச்சு.
மறுபடி வந்துச்சு.
தெரிஞ்சே வந்துச்சு, மேடம்.

சுட்டேன். இல்லைன்னா நம்பவா போறீங்க?
மூணு வாரம் பட்டினி கெடந்த ஒடம்பு,
கறி நார் நாரா இருக்குன்னு
பேரையூர்ல பாதி வெலைக்குத்தான் எடுத்தாங்க.

உங்களுக்குப் போயி இதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பதினோரு நாள் மலையில கெடந்தேனே,
மூணு பார்ட்டி வாச்சர்க
டார்ச் லைட்டோட என்னையத் தேடி ஏறி எறங்குனாக.
நீங்க ஏறலை.
கல்லுப்பட்டியில, வெள்ளத்தாய் வீட்டுக்குத் தெக்கே
தீப்பெட்டி ஆபீஸ் சொவத்தோரம் ஸ்கூட்டரை மறைச்சுட்டு
தனியா உக்காந்திருந்தீங்க.
நானும் வடக்கே வரலை, ரோட்டுல வரலை,
வாய்க்கா ஓரமா, காத்துக்குக் கீழேதான் வந்தேன்.
அவ கருவாடு வறுக்குறது வாய்க்கா வரைக்கும் வந்துச்சு.
சொவத்துக்கிட்ட சீட்டுல புதுசா ரெக்சின் வாடை.
நின்னேன்.
அப்புறம் நடந்தேன்.

சரி, ஆறு எடம் ஆச்சு.
ஏழாவதை ஓடைக்கு அந்தாண்ட பாறை எடுப்புல கட்டுங்க.
அங்க ஒண்ணும் வராது.
ஒண்ணுமே வராத காடு எப்படி இருக்கும்னு
ஆபீஸ்ல ஒரு படம் கெடக்கட்டும்.

மார்கழி எட்டு, ஒம்போது
லீவு எழுதிக் குடுத்தேன்ல?
காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு,
என்ன எழுதன்னு தெரியாம அப்படியே விட்டேன்.
நீங்களும் எங்கன்னு கேக்கலை.
உதட்டைக் கடிச்சுக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டீங்க.
காயிதம் பறக்காம இருக்க
உதுந்த கொம்புத் துண்டு ஒண்ணைத் தூக்கி மேல வச்சீங்க.
வடக்குச் சன்னல் தெறந்து கெடந்துச்சு.