மூன்றாம் நிமிடம், பன்னிரண்டாம் நொடி

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன்.
சடங்கு வீட்டுக்கும் போவேன், தேர்தலுக்கும் போவேன்.
கர்த்தருக்காகப் போனது அதுதான் முதல் தடவை.
அரைக் கூலி, மிச்சம் ஆசீர்வாதம் என்றார் பாஸ்டர்.
சரி என்றேன். மழை மாதத்தில் கல்யாணம் இல்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலை.
ஜெனிற்றா வெள்ளைச் சட்டையில் நின்றாள்,
அட்டைக்குப் பயந்து கணுக்காலில் சவர்க்காரம் பூசி.
ட்ரோன் பனிக்குள் போய்
நனைந்த கோழி மாதிரித் திரும்பி வந்தது.
ஐந்து தரம் பாடினாள். நாலு தரம் அழகு.
ஐந்தாவதில், இரக்கம் என்ற சொல்லில்,
குரல் ரெண்டாய்ப் பிளந்தது.
"அத வெட்டிருங்க அண்ணே."
வெட்டவில்லை.

அதே நொடி, அவளுக்குப் பின்னால் நிரையில்
பஞ்சவர்ணம் அக்கா ஒரு கையை மேலே வீசினாள்.
குளவி.
எல்லோரும் படங்கைப் போர்த்திக் குப்புற விழுந்தோம்,
பாஸ்டர், நான், கேமரா.

இரவு அந்த வீச்சைக்
கால்வாசி வேகத்துக்கு இறக்கினேன்.
கை எழுந்தது,
பனியைத் திறந்துகொண்டு,
கொழுந்துக் கறை ஏறிய விரல் ஒவ்வொன்றாய்,
உடைந்த குரலுக்கு மேலே போய்
நின்றது.
முதுகு சிலிர்த்தது எனக்கு.
பொய்யென்று தெரிந்தே சிலிர்த்தது.

பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
கட்டாரிலிருந்து ஜெனிற்றாவின் அண்ணன் அழைத்து
ஒன்றும் பேசாமல் அழுதானாம்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை லயத்துக்குப் போனேன்,
வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று.
கரண்ட் இல்லை. காம்பரா முழுக்க மிலாறுப் புகை.
சுவரோரம் ரோதமுனிக்கு வைத்த விபூதித் தட்டு.
சத்தம் கூட வரட்டுமென்று
போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினாள்.
"குளவிக்குத் தூக்குன கை அக்கா, நான்தான் அத..."
"தெரியும். இன்னொருக்கா போடு."
போட்டேன்.
"இன்னொருக்கா."

நாலாவது முறை சொன்னாள், என்னிடம் இல்லை, டம்ளரிடம்:
"சின்னவளுக்கு இழுப்பு வந்த ராத்திரி
கொழுந்து லொறிய மறிக்க
இந்தக் கையத்தான் தூக்குனேன்.
லைட்ட அடிச்சிட்டுப் போயிட்டான்."

அந்தச் சொல்லில் குரல் மறுபடி உடைந்தது.
அக்கா கும்பிடவில்லை. அழவும் இல்லை.
வலது கையை மடியில் எடுத்து வைத்து
யாருடையதோ போலப் பார்த்தாள்.
குளவி கொட்டிய இடம் இன்னும் தடித்திருந்தது.
"எடுக்காத. இருக்கட்டும்."
தேத்தண்ணி தந்தாள்,
சீனியைத் தனியே என் உள்ளங்கையில்.

கடைசி பஸ் வளைவில் வெளிச்சமாய் வந்தது.
கை தூக்கினேன்.
நின்றது.
"நகின்ட, நகின்ட" என்று கண்டக்டர் கத்துகிறான்.
சீனி பிசுபிசுக்கும் கையை
நான் இன்னும் இறக்கவில்லை.