நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

ஃபோர்ட் நடைபாதையில் நாற்பது ரூபாய்.
அட்டையில் ஒரு கோழி
தன் முட்டைகளை எண்ணத் தெரியாமல் விழிக்கிறது.
கோழிக்காகத்தான் வாங்கினேன்.
கணக்கு எனக்குப் பகலெல்லாம் உண்டு,
மஸ்ஜித் பந்தரில், சரக்கு ஏஜென்ட் ஆபீஸில்:
மூட்டைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு,
ஜிஎஸ்டி தனி.

சாயங்காலம் ஒரு ஸ்டேஷன் பின்னோக்கிப் போய்
வி.டி.யில் ஏறினால்தான் உட்கார இடம்.
ஆறு பத்து ஸ்லோ. லேடீஸ்.
பக்கத்தில் சுலபா தாயி வெந்தயக்கீரை ஆய்கிறாள்.
"இந்த வயசில் என்ன பரீட்சை?"
பரீட்சை இல்லை தாயி.
"பின்னே எதுக்கு?"
பைகுல்லா வரை யோசித்தேன். பதில் வரவில்லை.

பிரைம் என்று போட்டிருந்தது.
தாராவி முனிசிபல் பள்ளி, ஏழாம் வகுப்பில்
அதற்குப் பகா எண் என்று பேர்.
தன்னையும் ஒன்றையும் தவிர
யாருக்கும் பங்கு கொடுக்காதது.
எங்கள் பெரிய மச்சான் மாதிரி.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்
எழுதியவர் கேட்கிறார்:
இவை எங்காவது போய்த் தீர்ந்துவிடுமா?
புரட்டினால் நூற்றுப் பதினைந்து.
நடுத்தாளை யாரோ கிழித்து
வறுகடலை மடித்திருக்கிறார்கள்.
அடுத்த பக்கத்தின் தலையில் பாதி வாக்கியம்:
"ஒன்றைக் கூட்டியதுதான் வித்தை."

எதோடு?

மூன்று நாள் அந்த ஒன்று
என்னோடு ஆபீசுக்கு வந்தது.
ஒரு இன்வாய்ஸில் அதைக் கூட்டிவிட்டுத்
திட்டு வாங்கினேன்.
வியாழக்கிழமை, சிஞ்ச்போக்ளி தாண்டி,
எல்லாவற்றையும் பெருக்கிப் பார்க்கத் தோன்றியது.
இரண்டு மூன்று ஆறு. கூட்டு ஒன்று. ஏழு.
ஐந்தையும் சேர்த்தால் முப்பது. முப்பத்தொன்று.
ஏழையும் சேர்த்தால் இருநூற்றுப் பத்து.
இருநூற்றுப் பதினொன்று; அதுவும் பகாது.
பதினொன்றையும் போட்டேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்றைச்
சனிக்கிழமை வரை வகுத்தேன். அசையவில்லை.
கோழி முட்டையிடுகிறது!

திங்களன்று பதின்மூன்றையும் சேர்த்தேன்.
முப்பதாயிரத்து முப்பத்தொன்று.
சலானின் பின்புறம்.
பதினேழால், மீதி ஒன்பது.
பத்தொன்பதால், பதினொன்று.
கரி ரோடு. இருபத்துமூன்றால், பதினாறு.
இருபத்தொன்பதால், திரும்பவும் பதினாறு.
பரேலில் விசிறி நின்றது. கை நிற்கவில்லை.
ஐம்பத்துமூன்றால், முப்பத்துமூன்று.
ஐம்பத்தொன்பதால்
மீதி இல்லை.

மறுபடி போட்டேன். இல்லை.
ஐம்பத்தொன்பது பெருக்கல் ஐநூற்று ஒன்பது.
கூமுட்டை.
என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுலபா தாயி
பச்சைக் கையோடு சலானை வாங்கிப் பார்த்தாள்,
ஏதோ மரணச் செய்தி என்று.

தாதர்.
கதவு நிறைய ஜனம்.
மூன்று பேர் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர்,
இடுப்போடு இடுப்பு.
ஒருத்தி வந்து நிற்கிறாள். "ஜரா சரகா."
கேட்டால் நகர வேண்டும்.
நாலாவது சீட் என்று ரயில்வே
எங்கேயும் எழுதி வைக்கவில்லை,
ஆனாலும் இருக்கிறது.
பாதி உடம்பு காற்றில் தொங்க அவள் உட்கார்ந்தாள்.
யார் இவள், தினம் வருகிறவள் இல்லையே
என்று திரும்பும்போதுதான்

ஐம்பத்தொன்பதும் இல்லையே.
என் ஆறு பேரில் அது இல்லையே.
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு,
பதினொன்று, பதின்மூன்று:
இவர்களில் யார் வந்து வகுத்தாலும்
அந்த ஒன்று மீதி நிற்கும். நின்றே தீரும்.
வகுக்கிறவள் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.
வந்த எண் தானே பகாததாக இருக்கட்டும்,
உடையட்டும், அது வேறு விஷயம்.
எத்தனை பேரை உட்கார வைத்து
இவ்வளவுதான் என்று கதவைச் சாத்தினாலும்

சயானில் இறங்க மறந்துவிட்டேன். குர்லா.

ராத்திரி அந்தச் சலானையே
சோற்றுப் பசை தடவி அந்த இடத்தில் ஒட்டினேன்.
நூற்றுப் பதின்மூன்று இனித் தமிழில்.
ஐம்பத்தொன்பதின் மேல் கீரைக் கறை.
புரட்டினால் நூற்றுப் பதினான்கு:
வெங்காயம், நாற்பது மூட்டை, ஜெபல் அலி.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து
இன்னும் போடப்படவில்லை.