பதினான்காவது கேள்வி

வால்டிவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
குடைகள் வாசலில் சொட்டிக்கொண்டிருக்க
ஒவ்வொருவராய் உள்ளே வருகிறார்கள்.
வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து,
பிரிந்து ஆறு மாதத்துக்குள்,
கூலி ஒரு பேருந்துக் கட்டணமும் காப்பியும்.

பூஜ்ஜியம் என்றால் இல்லவே இல்லை.
நான்கு என்றால் எப்போதும்.
நடுவில் உள்ள மூன்று கட்டங்களில்
எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளுங்கள்
என்று சொல்வது என் வேலை.

நாற்பத்தொன்றாம் எண், டாமாரிஸ்
– பெயரை நான் எழுதக் கூடாது –
பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்:
"'சேர்ந்து போன இடங்களைத் தவிர்க்கிறேன்'...
எனக்கு வீடு அக்கரையில், கொர்ராலில்.
படகில் சீட்டுக் கிழிப்பவன் அவன்தான்.
தினமும் 'போகவரவா?' என்கிறான்.
'போக மட்டும்' என்கிறேன்.
சாயங்காலம் திரும்ப இன்னொரு சீட்டு.
இதற்கு எத்தனை?"

"மனதில் பட்டதைப் போடுங்கள்."
கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
இரண்டு போட்டாள். அழித்தாள். ஒன்று போட்டாள்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று.

இந்த அளவுகோல் முதலில்
துணையைப் புதைத்தவர்களுக்காகச் செய்தது.
'இறந்தவர்' என்று வந்த இடமெல்லாம்
'முன்னாள் துணை' என்று மாற்றியவன் நான்,
ஒரே இரவில், இருபது வரியையும்.

பத்தொன்பதைத்தான் மாற்றியிருக்கிறேன்.

பதினான்கு:
'இறந்தவரின் குரல் என் காதில் கேட்கிறது.'

அறுபத்து மூன்று பேர் அதைக் கடந்து போயிருக்கிறார்கள்.
ஒருவரும் கை தூக்கவில்லை,
இங்கே யார் செத்தது என்று கேட்கவில்லை.
முக்கால்வாசிப் பேர் மூன்றோ நான்கோ.
டாமாரிஸ் நான்கு. அழுத்தி. அழிக்காமல்.
அன்று காலையும் அவனிடம் சீட்டு வாங்கித்தான் வந்திருப்பாள்.

"பிழையான வரி, தூக்கிவிடு" என்றார் ஒயார்சூன்.
தூக்கினேன். நம்பகத்தன்மை
புள்ளி எட்டு ஒன்பதிலிருந்து எட்டு ஆறுக்கு இறங்கியது.
"பரவாயில்லை, எட்டுக்கு மேல் இருந்தால் போதும்."

மார்ச்சில் நானும் ஒரு தாள் நிரப்பியிருந்தேன்,
எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க.
ஏழு நிமிடம். கூட்டினால் பத்தொன்பது.
துயரம் என்று ஒப்புக்கொள்ள
இன்னும் ஆறு வேண்டும்.
அந்தத் தாளை இன்று தேடி எடுத்தேன்.
பதினான்கில் நான்கு.
பேனா எங்கும் தயங்கிய தடமில்லை.

மீன் சந்தைக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
ஆற்றைப் பார்த்துக் குரைக்கின்றன.
விளக்கை அணைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்றுக்கு இரண்டாம் சுற்று வெள்ளிக்கிழமை.
புது அச்சில்
பதின்மூன்றுக்கு அடுத்து நேராகப் பதினைந்து.