அணைய வேண்டிய இன்ஜின்

கேப்பர் மலை ஏற்றத்தில்
சத்தம் மட்டும் மேலே போனது.
நானும் ஃபியட்டும்
பலாப்பழ லாரிக்குப் பின்னாலேயே.

அறுபத்தேழாம் வருஷத்து உடம்பு,
மாருதி நெஞ்சு.
"ஒட்டாதுன்னு அப்பவே சொன்னேன்"
என்பார் மாமனார்.

மஞ்சக்குப்பம் ஷெட்டில் சலாவுதீன்
எதையும் கழற்றவில்லை.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், மூணாவது கியர்,
கிளட்சை விட்டான்.
அணைய வேண்டும்.
அணையவில்லை.
கருகிய தேங்காய்நார் வாசம்.

பெடலை உள்ளங்கையால் அமுக்கினான்.
அரை அங்குலம் சும்மா போகவேண்டியது
தொட்டதுமே முறைத்தது.
"கேபிள் எதோடது?"
"ஆம்னி."
"குட்டை. எந்நேரமும் இழுத்துப் பிடிச்சிருக்கு, பாவம்."

நட்டை ஐந்து சுற்று தளர்த்தி
மறுபடி மூணாவது.
ஒரு குலுக்கல்.
செத்தது.

"பிளேட்டு தேஞ்சிருக்கும்,
ஐப்பசி வரைக்கும் ஓடும்."

மாமனாருக்குப் போன் போட்டேன்:
வண்டி நின்னுடுச்சு மாமா,
ஒட்டிடுச்சு.