மாற்று ஆட்டக்காரர்

சனிக்கிழமை. சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
லீட்ஸ் தோற்று நாற்பது நிமிடம் ஆகிறது.
கோகிலத்தின் கடையில் டிவியை அணைத்தாயிற்று.
பீன்ஸ் குழம்பு ஊற்றிய கால் ரொட்டி
காகிதத்தில் மெல்லச் சரிந்துகொண்டிருக்கிறது.

கைப்பேசியைக் கவிழ்த்து வை என்கிறேன்.
கேள்வி நோட்டு என்னிடம்.
நீலக் கோடு, ஊறுகாய்க் கறை.
கேள்வியும் பதிலும் இங்கிலீஷில்தான்.
தோற்ற நாளில் வாயில் வருவது மட்டும்
சுத்தத் தமிழ்.

"அறுபத்தைந்து. வெம்ப்ளி. கோப்பை இறுதி.
காறை எலும்பு முறிந்தும்
கடைசிவரை ஓடியவன் எந்த அணி?"
"லிவர்பூல்." சாக்ரன், வாய் நிறைய ரொட்டியோடு.
"தொண்ணூறு நிமிடத்தில் எத்தனை கோல்?"
"சைபர். மூன்றும் கூடுதல் நேரத்தில்" என்கிறான் டேவன்.
"அவர்களுக்கு ரெண்டு, நமக்கு ஒன்று."

நமக்கு.
ஆறாயிரம் மைலுக்கு அப்பால்
கால் வைத்தே அறியாத புல்லைப் பற்றி
நாங்கள் கூசாமல் சொல்கிற சொல்.

"சரி. அன்று லீட்ஸுக்கு மாற்று ஆட்டக்காரர் யார்?"
மூன்று வாரமாய் ஊறப்போட்ட பொறி இது.
பூபாலன் விரல் மடக்கி எண்ணுகிறான்,
மின்விசிறியில் பெயர் தேடுகிறான்,
இரண்டு பெயர் சொல்லி இரண்டையும் திரும்ப வாங்கிக்கொள்கிறான்.

யாருமில்லையடா.
மாற்று ஆள் என்ற விதியே அடுத்த சீசனில்தான் வந்தது.
ஒடிந்தாலும் முறிந்தாலும் அந்தப் பதினொருவர்தான்.
மாற்று ஆள் உட்கார்ந்து காத்திருக்க
அன்றைக்கு அங்கே பெஞ்சுக்கு வேலையில்லை.

"இங்கே நிறைய இருந்தது" என்றான் டேவன்,
"கடற்கரை நெடுக. யார் உட்காரலாமென்று
பலகையும் அடித்து."
சாக்ரனுக்குப் புரையேறியது.

எங்கே சுற்றினாலும் பதினொன்றாம் எண்ணிடம் வந்து நிற்போம்.
ஜெர்மிஸ்டன் பையன்.
இங்கே ஓரம் கட்டினார்கள்;
அங்கே போய் இடது ஓரத்தையே பிடித்துக்கொண்டான்.
அவனுக்காகத்தான் எங்கள் அப்பன்மார் லீட்ஸ்.
அன்றைக்கு அவன் சரியாக ஆடவில்லையாம்,
ஆறு வாரம் கழித்துக் கப்பலில் வந்த பத்திரிகை சொன்னது.
ஆடினான் என்கிறான் பூபாலன்.
இல்லை என்கிறேன் நான்.
பார்த்தவர் எவருமில்லை;
இந்த நாட்டுக்கு டிவி வந்ததே எழுபத்தாறில்.

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே கோகிலம்:
"மொத கோல் விழுந்தப்ப
எங்க பீரோ லாரியிலேர்ந்து பாதி எறங்கியிருந்துச்சு."

மேகசின் பேரக்ஸைக் காலி செய்து
அவர்களை இங்கே கொண்டுவந்து கொட்டிய நாள்.
அவளுக்கு ஏழு வயது.
முன்னால் அப்பா, பின்னால் பெரியப்பா,
பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே டிரான்ஸிஸ்டர்.
தரையில் வைத்தால் ஸ்டேஷன் போய்விடும்.
அதனால் நமது கோல் வரும்வரை
இருவரும் அதைத் தூக்கியபடியே நின்றார்களாம்,
விளக்கு வராத வீட்டு வாசலில்,
இருட்டில்.

"சனிக்கிழமை லாரி வருமா?" இது டேவன்.
சாக்ரன் கணக்குப் போட்டான்:
அங்கே மூன்று மணி ஆட்டம், இங்கே நாலு,
கூடுதல் நேரம் என்றால் ஆறு, மே மாதம்.
இருட்டு சரியாகத்தான் வருகிறது.

"பதினொன்று எப்படி ஆடினான்?" என்றேன்.
"எனக்கென்ன தெரியும்?
அவன் பேரச் சொல்றப்பல்லாம்
அப்பா பக்கம் பீரோ ஒரு சாண் ஒசரும்.
பெரியப்பா கண்டபடி ஏசுவாரு.
மூணாவது கோலுக்கு ரெண்டு பேரும் விட்டுட்டாங்க.
ஒரு கால் ஒடிஞ்சுது.
இன்னிக்கும் செங்கல்லுதான் முட்டு."

பேச்சில்லை.
பேருந்து ஒன்று மேடேறித் திணறிப் போனது.

நோட்டில் என் விடையை அடித்தேன்.
லீட்ஸ், அறுபத்தைந்து, மாற்று ஆட்டக்காரர்:
ஒரு செங்கல்.
"அநியாயம்" என்று குதித்தான் பூபாலன்,
"அந்தப் பொம்பளை ஆட்டத்திலேயே இல்லை!"

மதிப்பெண் போட அவள் பெயரில் கட்டமில்லை.
கோடு போட ஸ்கேல் கேட்டேன்.
பில்லைக் கொடுத்தாள்.
குழம்பு ரெண்டாந்தரம் ஊற்றியதற்கும்
சேர்த்தே போட்டிருந்தாள்.