ஈரத்துக்குக் கழிவு

மழை நாளில் கணக்கப்பிள்ளை
ஈரத்துக்கென்று ரெண்டு கிலோ கழிப்பார்.
சாக்குக்கு ஒன்று.
முற்றின இலை என்று சொல்லி இன்னும் கொஞ்சம்.
நான் வாய் திறந்ததில்லை.
பதினெட்டு வந்தால் முழுப் பேர்,
வராவிட்டால் அரைப் பேர்.
இருபது வருஷமாய்
என்னை நான் நிறுத்துக்கொண்டதும் அந்தத் தராசில்தான்.

உன்னையும் அதில்தான் தொங்கவிட்டேன், ஜனுஷன்.
கணக்குக்கு நாற்பத்தொன்று. கழி.
அடுத்த காம்பராப் பையனுக்கு ஏழு ஏ. கழி.
'அப்பா கொழும்பில் எச்சித்தட்டுக் கழுவுவது யாருக்காகடா?'
கேள்வி மாதிரித்தான் இருந்தது
அதுவும்.

மாசிக்குப் பிறகு நீ மட்டையைத் தொடவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.
ரொட்டி தட்டிலேயே விறைத்தது.
சோம்பல் என்றேன்.
கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினேன்.
வயசுக் கோளாறு என்றார் உன் அப்பா,
அதற்குள் போனில் காசு முடிந்துவிட்டது.

பிறகு ஒருநாள்
அரிசி வாளிக்குக் கீழே என் சம்பளத் துண்டு.
அதன் பின்பக்கம் உன் கையெழுத்து:
டியூஷன், சப்பாத்து, பஸ், சாப்பாடு.
கூட்டி, கோடு போட்டு,
'நான் இல்லாவிட்டால் மிச்சம்' என்று எழுதி
ஒரு தொகை.

நாற்பத்தொன்று எடுத்த பிள்ளை
ஒரு சதம் பிசகவில்லை.

அன்றைக்கு நான் மலைக்குப் போகவில்லை. பேர் இல்லை.
விடியற்காலை பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரி.
உள்ளே டாக்டர் பிள்ளை
என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
உன்னிடம்தான் கேட்டார்,
பதில் வரும்வரை காத்திருந்தார்.
அது எனக்குத் தெரியாத வேலை.
வாங்கில் உட்கார்ந்து
சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பு என்ற சொல் எங்கள் லயத்தில் புழங்குவதில்லை.
பஸ் ஸ்டாண்டில் ஒரு மீன் பணிஸ் வாங்கினேன்.
பாதி தின்றுவிட்டு
பாதியை என் பக்கம் நீட்டினாய்,
முகம் பாராமல்.

மாசம் ரெண்டு ஆகிறது. மாத்திரை குடிக்கிறாய்.
சில நாள் இன்னும் சுவர்தான்.
அந்தத் துண்டை நான் எரிக்கவில்லை,
எரிக்கக் கை வரவில்லை.

நேற்று நனைந்து வந்து கூடையை இறக்கினேன்.
இருட்டுக்குள்ளிருந்து உன் குரல்:
"இன்னைக்கு எத்தன கழிச்சாங்க?"
மூணு என்றேன்.
"அநியாயம்மா" என்றாய்.

அவ்வளவுதான். திரும்பிப் படுத்துவிட்டாய்.
அந்த ஒரு சொல்லை
ஈரத்தோடு அப்படியே வைத்திருக்கிறேன்.