நூற்றைந்து டிகிரி

தஹிசர் ஓடையின் விளிம்பிலிருந்து
ஒன்று, ஐந்து, இருபது, ஐம்பது மீட்டர்.
கயிறு கட்டி, துளைக்கருவியைத் திருகி இறக்கி
ஒரு சாண் ஆழத்து மண்ணை
அலுமினிய டப்பாவில் அடைத்து
மூடியில் எண் எழுதுவது என் வேலை.
மழை நின்று ஐந்து வாரம்.

கரையில் நீர்மருது.
உரித்துப் போட்டதுபோல் வெளுத்த அடிமரம்,
வேர் இடுக்கில் பாசி,
பாசியில் நகக்கண் அளவு தவளை.
சருகின் மேல் சதுரச் சட்டம் வைத்து
உள்ளே இருப்பதை எண்ணினால்
முதல் மீட்டரில் முப்பத்தேழு வகை:
மரவட்டை, பிள்ளைப்பூச்சி, பேர் தெரியாத காளான் மூன்று,
கேள்விக்குறி மட்டும் போட்டு விட்ட ஒன்று...
ஐம்பதாவது மீட்டரில், தேக்கிலைக்கு அடியில்
ஒன்பது.
அதில் நான்கு எறும்பு.

லக்மா தும்படா கயிற்றின் மறுமுனை பிடிப்பாள்.
காட்டுக்குள்ளேயே அவள் வீடு.
மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டுவாள்;
உருண்டை நின்றால் தலையாட்டுவாள்,
உதிர்ந்தால் உதட்டைப் பிதுக்குவாள்.
இரண்டுக்கும் என் படிவத்தில் கட்டம் இல்லை.

போரிவலியில் ஸ்லோ வண்டி.
மடியில் இருபது டப்பா, வளைவு தோறும் கிலுங்கும்.
என்ன அதில் என்கிறாள் பக்கத்து இருக்கைக்காரி.
மண் என்றேன்.
கிலோ என்ன விலை?

மாதுங்காவில் ஆய்வகம்.
ஈர எடை.
நூற்றைந்து டிகிரியில் இருபத்துநாலு மணி நேரம்.
உலர் எடை.
காணாமல் போனது எவ்வளவோ
அவ்வளவு தண்ணீர்.
ஈரம் என்றால் மனசு என்பார்கள் எங்கள் பேச்சில்.
எனக்கு அது கழித்தல்.

தாராவியில் எங்கள் மாடி அறையின் சுவரும்
ஆகஸ்டில் ஊறிக் கிடக்கும்,
தட்டினால் மொத்தென்று கேட்கும்.
கறுப்பாய் ஒரு பூஞ்சை, பச்சையாய் ஒன்று,
காலண்டருக்குப் பின்னால் ஆரஞ்சு.
அங்கே யாரும் சட்டம் வைத்து எண்ணியதில்லை.

பதினேழாம் டப்பா. முதல் மீட்டர்.
மூடியைத் திறந்தேன்.
மண் காய்ந்து இரண்டாய்ப் பிளந்திருந்தது.
நடுவில் ஒரு நண்டு.

குன்றிமணி பெரிது.
கால்களை அடக்கிக்கொண்டு
பேக்கரி பிஸ்கட் நிறத்தில்.

ஓடை இறங்க இறங்க
ஈரத்தின் பின்னாலேயே வளை தோண்டிப் போயிருக்கிறது.
அதே வழியில் நான் இரும்பை இறக்கியிருக்கிறேன்.

இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு கிராம்.
உயிரோடு எவ்வளவு இருந்திருக்கும்?
அடுப்பு குடித்த தண்ணீரில்
மண்ணுடையது எது, அதனுடையது எது?
நேற்று மண்ணிலிருந்து அது உறிஞ்சியதை
எந்தப் பத்தியில் எழுதுவது?

நண்டைக் கழித்துவிட்டுப் போடு என்றார் மிருணாள் பெட்னேகர்,
சராசரி மாறாது.
சரிதான். மாறவில்லை.
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

உயிரினத் தாளில் மட்டும்
முப்பத்தேழை முப்பத்தெட்டாக்க வழியில்லை.
சட்டத்துக்குள் அகப்பட்டால்தான் கணக்கு.
அது சட்டத்துக்கு அடியில் இருந்தது.

டிசம்பரில் மறுபடி கயிறு கட்டினோம்.
ஓடை ஒரு பாறை தூரம் ஒதுங்கிவிட்டது.
முளைக்குச்சி அப்படியேதான் நிற்கிறது;
ஒரு மீட்டர் இப்போது மூன்று.
திருகும் முன் முழங்காலிட்டுப் பார்த்தேன்:
மிளகு மிளகாய் மண் குவிந்த ஒரு வாய்,
உள்விளிம்பில் மட்டும் பளபளப்பு.

ஓரடி தள்ளி, என்றேன்.
முறைப்படி தப்பு.
புள்ளி இடம் மாறக் கூடாது.

லக்மா கயிற்றைத் தளர்த்தினாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
குனிந்து ஒரு கிள்ளு மண் எடுத்து
உருட்டினாள்.
நின்றது.